இரண்டாம் சிலிண்டர்

எனது கார் 2004ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்டது. 2016இல் வங்கிக் கடனெடுத்து அதனை வாங்கினேன். ஆசிரியச் சம்பளத்தில் கடனைக் கட்டி முடிக்க ஐந்து வருடங்கள் சென்றன. வீட்டிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர். மாதத்துக்கு ஒருமுறை உம்மாவைச் சீனி வருத்தக் கிளினிக்குக்காகக் கல்முனைக்குக் கூட்டிப் போவேன். இவ்வளவுதான் அதன் ஊழியம்.

2024 செப்டெம்பரில் ஒரு கிளினிக் நாள். பாதி வழியில் வண்டி குலுங்கத் தொடங்கியது. மிதித்தால் இழுக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

"என்ன மனே, வண்டி இருமுது?" என்றார் உம்மா.

"ஒண்டுமில்ல உம்மா" என்று சொல்லி, அப்படியே வைத்தியசாலை வாசல்வரை ஓட்டிக்கொண்டு போனேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

திரும்பும் வழியில் ஒரு கராஜில் காட்டினேன். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள துவாரத்தில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தவர், "பீ 0302. ரெண்டாவது சிலிண்டர் வேல செய்யல்ல" என்றார். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது. மூவாயிரம் ரூபா எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. மறுபடி போனேன். "அப்ப ஹெட்டக் கழட்டத்தான் வேணும். ஒண்டர லெட்சமாவது முடியும்" என்றார்.

ஒன்றரை இலட்சம் என் கையில் இல்லை. காரை உள்ளபடியே விற்றுவிடலாமா என்று தரகர் ஒருவரிடம் கேட்டேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. விற்றால் இன்னொன்றை வாங்குவது நடக்காத காரியம். ஆனால் பழுதான வண்டிக்குத் தரகர் சொன்ன விலையோ, நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கும் போதாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சக ஆசிரியர் ஒருவர்தான் சொன்னார்: "கட்டாரால வந்த பொடியன் ஒராள் ஊட்டுக்குப் பின்னால கராஜ் போட்டிருக்கான். ஒருக்காக் காட்டிப் பாருங்க."

போனேன். தகரக் கொட்டில், சீமெந்து நிலம், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பெனர்கள். காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சேர்! வாங்க சேர்" என்றான்.

நான் அவனை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. 2011இல் ஏழாம் ஆண்டில் நான் அவனுக்கு வகுப்பாசிரியர், கணிதமும் நானே. உயரமான பையன். பேச்சில்லாதவன். ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திக்கொண்டான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் மூன்று தவணையும் ஒரே குறிப்பைத்தான் எழுதினேன்: 'கவனம் போதாது.'

வண்டியைக் காட்டினேன். முந்திய கராஜில் சொன்னதையும் சொன்னேன். அவன் ஸ்கேனரை எடுக்கவில்லை. என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

"லைட் எப்ப விழுந்த சேர்? காலையில ஸ்டார்ட் பண்ணக்குள்ளயா, ஓடி எஞ்சின் சூடான பொறகா? சும்மா எரிஞ்சதா, விட்டு விட்டு எரிஞ்சதா?"

"விட்டு விட்டு."

"அப்ப நிப்பாட்டி இருக்கணும் சேர். சும்மா எரிஞ்சா மெதுவாக் கொண்டு வந்து காட்டலாம். விட்டு விட்டு எரிஞ்சா, எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போகுதெண்டு கருத்து. அங்க கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் இரிக்கி. அதுக்குள்ள போய்ப் பத்தினா அது உருகிப் போகும். அதுட வெல உங்கட ஹெட் வேலய விடக் கூட."

பிறகுதான் ஸ்கேனரை எடுத்தான். கைத்தொலைபேசியோடு சேர்ந்து இயங்கும் தீப்பெட்டி அளவான ஒன்று. மீண்டும் அதே பீ 0302. அந்த எழுத்துகளின் பொருள் என்ன என்று கேட்டேன். காரின் பொனட்டில் சாய்ந்துகொண்டு அவன் எனக்குப் பாடம் நடத்தினான்.

முதலெழுத்து பீ என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்த கோளாறு. பொடி, பிரேக் போன்றவற்றுக்கு வேறு எழுத்துகள். அடுத்து வரும் சைபர், எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான கோட் என்பதைக் குறிக்கும். அந்த இடத்தில் ஒன்று வந்தால் அது அந்தக் கம்பனி தனக்கென வைத்துக்கொண்டது. மூன்றாவதாக வரும் 3, எரிபற்றல் சார்ந்தது. கடைசி இரண்டும் எத்தனையாவது சிலிண்டர் என்பது. 00 என்று வந்தால் ஒரு சிலிண்டர் என்றில்லாமல் அங்குமிங்கும் தவறுகிறது என்று அர்த்தம். 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் இந்த முறை கட்டாயமானது. பிறகு ஏனைய நாடுகளுக்கும் பரவியது.

"அப்ப ரெண்டாவது சிலிண்டர்தானே பழுது?" என்றேன்.

"இல்ல சேர். ரெண்டாவது சிலிண்டர் தள்ளல்ல. அவ்வளவுதான் கொம்பியூட்டருக்குத் தெரியும்."

அது எப்படித் தெரிகிறது என்பதையும் விளக்கினான். கிராங் ஷாப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்சர் இருக்கிறது. அது சுழற்சியின் வேகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் பற்றும்போது கிராங் சற்று வேகமெடுக்க வேண்டும். ஒன்று பற்றாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் வேகம் துளியளவு குறையும். கணக்கு வாத்தியார் என்பதால் நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பற்றுகிறது. நிமிடத்துக்கு 1500 தடவை. செக்கனுக்கு 25 தடவை. இவ்வளவையும் அந்தச் சென்சர் ஒன்றுவிடாமல் எண்ணுகிறது. ஆனால் பிளக்கை அது பார்க்கவில்லை. பெற்றோல் வந்ததா, பொறி பறந்ததா, வால்வு மூடியதா எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் இலக்கத்தில் தள்ளுதல் இல்லை என்று மட்டும் அறிவிக்கிறது.

"பிளக்காவும் இருக்கலாம், கொயிலாவும் இருக்கலாம், பெற்றோல் பீச்சிற இன்ஜெக்டராவும் இருக்கலாம், கொம்ப்ரஷன் கொறஞ்சும் இருக்கலாம். கோட் எண்டது எந்தக் கதவத் தட்டணும் எண்டு சொல்லும். உள்ளுக்க யார் இரிக்கிற எண்டு சொல்லாது."

"அழிச்சுவிட்டா?"

"அழிச்சா லைட் நூரும் சேர். குற்றம் நூராது. அதோட, கோட் விழுந்த நேரம் எஞ்சின் என்ன சூட்டுல இருந்த, என்ன வேகத்துல ஓடின எண்டு கொம்பியூட்டர் குறிச்சு வெச்சதும் அழிஞ்சிரும். எங்களுக்கிட்ட இரிக்கிற சாட்சியையும் நாங்களே அழிச்ச மாதிரி."

எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் புரி கெட்டுவிடுமாம். பின்னர் நான்கு கொயில்களையும் கழற்றினான். பிளக் குழிகளில் கிடந்த மண்ணைக் காற்றடித்து ஊதினான். இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழுமாம். நீளச் சொக்கட்டால் பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, அதன்மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கமிட்டு வரிசையாக வைத்தான். பிளக்கை எடுத்த இடம் மறந்துபோனால் பிளக் சொல்வதும் வீண் என்றான்.

அந்தப் பத்திரிகைத் தாளைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் குந்தியிருந்தோம்.

"நல்லா வேல செஞ்ச பிளக்குட மூக்கு பால் தேத்தண்ணி நெறத்துல இரிக்கும் சேர். காஞ்ச கரி மாதிரிக் கறுப்பெண்டா பெற்றோல் கூட, காத்துக் கொறவு. எயார் பில்ட்டர் அடஞ்சிருந்தாலும் அப்பிடி வரும். வெள்ளையா வெளிறிக் கொப்புளம் போட்டிருந்தா எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகுது. பிசுபிசுத்த கறுப்பெண்டா ஒயில் எரியுது."

ஒன்று, மூன்று, நான்கு ஆகியவை பால் தேநீர் நிறந்தான். ஆனால் ஓரங்களில் இலேசான கரித்தூள் படிந்திருந்தது.

"இது எதனால?"

"நீங்க ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் ஓடுற?"

"மூணு கிலோமீற்றர்."

"அதான். பிளக்குட மூக்கு 450 பாகைக்கு மேல சூடானாத்தான் தன்னுல படியிற கரியத் தானே எரிக்கும். மூணு கிலோமீற்றர்ல எஞ்சின் சூடாக முந்தி ஸ்கூல் வந்திரும்."

ஆக மூன்றிலும் இருந்த கரி பிளக்குகளின் குற்றமல்ல. அவற்றின் சொந்தக்காரனுடைய பழக்கம்.

இரண்டாவது பிளக் வேறுமாதிரி இருந்தது. மூக்கு நனைந்து, முகர்ந்தால் பெற்றோல் மணத்தது. வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறம் முழுக்க ஒயில்.

"ஒயில்! அப்ப ஹெட் வேலதானே?" என்றேன் பயத்தோடு.

அவன் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, பிளக்கை முகத்துக்கு நேரே மிகக் கிட்டப் பிடித்துப் பார்த்தான்.

"ஒயில் எங்க இரிக்கெண்டு பாருங்க சேர். கீழ, நெருப்புப் பத்துற மூக்குல இருந்தா, உள்ளால வருது. ரிங், வால்வு எண்டு பெரிய வேல. இது மேல, வெளிப்பக்கம். டெபட் கவருக்குள்ள குழியச் சுத்தி ரப்பர் சீல் இரிக்கி. அது காஞ்சு போய் ஒயில் குழிக்குள்ள எறங்கியிருக்கு. கொயில்ட ரப்பரும் அந்த ஒயில்ல ஊறி உப்பியிருக்கு. மூக்குல பெற்றோல் நனஞ்சிரிக்கிறது, பொறி வரல்ல எண்டதால."

ஒரு விரற்கடை மேலா கீழா என்பதில் ஒன்றரை இலட்சம் தங்கியிருந்தது. முதல் கராஜில் பிளக்கைக் கழற்றியே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதைவிட வேறொன்று என் கண்ணில் பட்டிருந்தது.

"கண்ணாடி எப்ப போட்ட?" என்று கேட்டேன்.

"கட்டாருக்குப் போய்த்தான் சேர். அங்க லைசன்ஸ் எடுக்கக் கண் செக் பண்ணினாங்க. அப்பதான் தெரியும், எனக்குத் தூரம் தெரியிறல்ல எண்டு. கிட்டத்துக்கு வேணாம்."

"ஸ்கூல்ல?"

"போட்ல நீங்க எழுதினது எனக்கு வெள்ளக் கோடுதான் சேர். எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியிற எண்டு நெனச்சிருந்தன்."

சிரித்துக்கொண்டே சொன்னான். பிளக்கைத் துடைத்து, காயவைத்து, தகட்டுக் கேஜால் இடைவெளியை அளந்தான், 1.1 மில்லிமீற்றர் சரியாக இருந்தது. அதே பிளக்கை அதே குழியில், புரி தவறாமலிருக்க முதலில் கையால் திருகிப் பூட்டினான். கொயில்களை மட்டும் மாற்றினான். இரண்டாவதன் கொயிலை மூன்றாவதுக்கும் மூன்றாவதன் கொயிலை இரண்டாவதுக்கும்.

"பிளக்கையும் சேத்து மாத்தலாமே?"

"ஒரு நேரத்துல ஒண்டத்தான் மாத்தணும் சேர். ரெண்டு மாத்தினா எதால சரிவந்த எண்டு தெரியாது."

கோட்டை அழித்துவிட்டுப் பிரதான வீதிவரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி குலுங்கியது. விளக்கு விட்டுவிட்டு எரிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தி, கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். பீ 0303.

"பாத்தீங்களா? குற்றம் கொயிலோட போகுது. சிலிண்டரோட நிக்கல்ல. 0302 எண்டே வந்திருந்தா, அடுத்ததாப் பிளக்க மாத்திப் பாக்கணும், அதுக்குப் பொறகு இன்ஜெக்டர், கடைசியாத்தான் கொம்ப்ரஷன். இடத்த மாத்திப் பாத்தா ஆர்ர பிழ எண்டு தானா வெளிக்கும்."

இடத்தை மாற்றிப் பார்த்தல். வீதியோரம் நின்ற காருக்குள் இருந்துகொண்டு நான் பேசாமலிருந்தேன். எனக்கு 2011ஆம் ஆண்டின் மாரி காலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

உயரமான பிள்ளைகளைப் பின்வாங்கில் இருத்துவது என் ஒழுங்கு. குட்டையான பிள்ளைகளுக்கு மறைக்கக்கூடாது என்ற நல்லெண்ணந்தான். அந்த மாரியில் வகுப்பறையின் பின்பக்கக் கூரை ஒழுகியது. பின்வாங்கை முன்னுக்கு இழுத்துப் போட்டோம். இரண்டு கிழமைகள் அவன் கரும்பலகைக்கு முன்னால் இருந்தான். அந்நாட்களில் கணித அலகுப் பரீட்சை ஒன்று வைத்தேன். வினாக்களைக் கரும்பலகையில் எழுதித்தான் வைப்பேன். அதற்கு முந்திய பரீட்சைகளில் இருபதுக்கு மூன்றும் ஐந்தும் எடுத்தவன் அன்றைக்குப் பதினான்கு எடுத்தான்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். "ஆரப் பாத்து எழுதின?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். வகுப்பின் முன்னிலையில் 14ஐச் சிவப்பு மையால் வெட்டி 5 என்று எழுதினேன். அவனுக்கு உரியது அவ்வளவுதான் என்பது என் தீர்ப்பு.

மழை விட்டது. வாங்கு பின்னுக்குப் போனது. அடுத்த பரீட்சையில் அவன் எடுத்தது நான்கு. பார்த்தீர்களா, நான் சொன்னது சரி என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டேன்.

கொயிலை இடம் மாற்றி அவன் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்ததை, ஒழுகிய கூரை எனக்குச் செய்து காட்டியிருந்தது. முன்னுக்கு வந்தான், குற்றம் மறைந்தது. பின்னுக்குப் போனான், குற்றம் திரும்பியது. குற்றம் பிள்ளையோடு போகவில்லை. அந்த இடத்தோடுதான் நின்றது. அந்த இடத்தில் அவனை இருத்தியவன் நான்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்ணையும் பார்ப்பார்கள். அந்த நாளில் அவன் சமுகமளிக்கவில்லை. வராதோர் பட்டியலில் பெயரை எழுதிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்றிருந்துவிட்டேன்.

எனக்கு இவையெல்லாம் தெரியாதவையுமல்ல. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் அடைவுச் சோதனைக்கும் குறைகாண் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்தவன் நான். பிள்ளை எவ்வளவு எடுத்தது என்பதை முன்னையது சொல்லும். எங்கே, எதனால் தவறுகிறது என்பதைப் பின்னையதால்தான் அறியலாம். அதன்பிறகே பரிகாரக் கற்பித்தல் என்று பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தேன். வகுப்பறைக்கு வந்த பிறகு புள்ளியை மட்டும் வாசித்தேன். இருபதுக்கு ஐந்து என்பது ஒரு கோட். அதை வைத்துக்கொண்டு பிள்ளையின் ஹெட்டைக் கழற்றச் சொன்னவன் நான். முதல் கராஜ்காரர்மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

புதிய கொயில், டெபட் கவர் கெஸ்கட், நான்கு குழிகளுக்கும் சீல், நான்கு பிளக் எல்லாம் முப்பதாயிரத்துக்குள் அடங்கின. கொயிலை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "சீல மாத்தாட்டி ஆறு மாசத்துல புதுக் கொயிலும் ஒயில்ல ஊறும் சேர்" என்றான். கூலி வேண்டாமென்றான். நான் விடவில்லை.

வேலை முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது அந்த அலகுப் பரீட்சையை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். "நீ பாத்து எழுதல்ல. எனக்கு இப்பதான் விளங்கின. என்ன மாப் பண்ணு மனே" என்றேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்ன சேர் நீங்க! அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் அழித்தால் லைட் நூரும், குற்றம் நூராது என்று சொன்னவனும் அவன்தான். பதினான்கு என்று நான் எழுதியிருந்த அந்த ஒரு புள்ளியை விட்டுக் கொடுத்திருந்தால் அவன் ஒன்பதாம் ஆண்டைத் தாண்டியிருப்பானா என்பதற்கு எந்த ஸ்கேனரிலும் விடையில்லை.

அடுத்த கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பார்வை அட்டை ஒன்றை இரவலாக வாங்கினேன். வகுப்பில் ஆறு மீற்றரை நாடாவால் அளந்து சோக்கால் கோடு போட்டேன். முப்பத்து நான்கு பிள்ளைகளில் மூவரால் அட்டையை ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. ஒரு பையன் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். இன்னொருவனின் வாப்பாவிடம் இரண்டு தடவை போய் வந்தேன். மூன்றாம் தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

மூன்றாவது ஒரு பெண்பிள்ளை. அவளையும் கண் பட்டியலில் எழுதப் போனேன். எழுத முன் கையை நிறுத்திக்கொண்டேன். ஈ வடிவம் நான்கு திசைகளிலும் திரும்பித் திரும்பி இருக்கும் வேறோர் அட்டையைக் காட்டி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டச் சொன்னேன். கடைசி வரிவரை ஒன்றும் பிழைக்காமல் காட்டினாள். கண்ணில் ஒரு குறையுமில்லை. அவளுக்கு எழுத்துத்தான் பிடிபடவில்லை. ஏழாம் ஆண்டுவரை வந்துவிட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

பாடசாலை விட்ட பிறகு அரை மணித்தியாலம் அவளோடு இருக்கிறேன். எந்த எழுத்தில் தவறுகிறாள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறேன். இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவளுடைய அறிக்கையில் குறிப்பு எழுதும் இடத்தை இந்தத் தவணை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.